அசோர்ஸில் பாய்மரப் படகு: துறைமுகம் முதலில், தீவு அப்புறம்

வரைபடத்தில் பார்த்தால் அசோர்ஸ் எளிதாகத்தான் தெரியும். லிஸ்பனுக்கு மேற்கே, அட்லாண்டிக்கின் நடுவில் ஒன்பது தீவுகள், மூன்று கொத்துகளாக. மேற்கில் புளோரஸும் கோர்வோவும். நடுவில் ஃபாயல், பிக்கோ, சாவ் ஜோர்ஜ், கிராசியோசா, தெர்சேய்ரா. கிழக்கில் சாவ் மிகேல், சாந்தா மரியா. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 600 கிலோமீட்டர். நடுக்கொத்தில் ஒரு தீவில் நின்றால் வானம் தெளிந்த நாளில் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். கிரேக்கத் தீவுகளில் சுற்றிய பழக்கத்தோடு வருபவர்கள் காலையில் கிளம்பி, பிடித்த இடத்தில் நங்கூரம் போட்டு, மாலையில் நீந்திக் களிக்கலாம் என்று திட்டம் போட்டு வருகிறார்கள். மூன்றாம் நாளே திட்டம் கலைந்துவிடும்.

காரணம் நிலத்தின் அமைப்பு. இவை கடல் தரையிலிருந்து நேராக எழும்பிய எரிமலைகள். உள்வாங்கிய விரிகுடாக்கள் மிகக் குறைவு. கரையிலிருந்து கல்லெறி தூரத்திலேயே ஆழம் முப்பது மீட்டரைத் தாண்டிவிடும். அடியில் மணல் இருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணலாம். மற்றதெல்லாம் உருண்டைப் பாறையும் எரிமலைக் குழம்பு இறுகிய தட்டும்தான். இயற்கை தந்த ஒதுங்குமிடம் இல்லாததால் மனிதர் கட்டிய அலைதடுப்புச் சுவர்தான் ஒதுங்குமிடம். அப்படி நம்பி நிற்கக்கூடியவை ஒன்பது தீவுகளுக்கும் சேர்த்து பத்துக்கு அப்பால் போகாது. ஆகவே எந்தத் தீவுக்குப் போகலாம் என்று கேட்பதைவிட, அடுத்த இரண்டு இரவும் எந்தத் துறைமுகத்துக்குள் அலை வராது என்று கேட்பதே இங்கு வேலைக்காகும்.

இந்தத் துறைமுகங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதையும் கவனியுங்கள். மோசமான கடல் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருவதால், எல்லாவற்றையும் தெற்கு அல்லது கிழக்குக் கரையில் கட்டிவைத்திருக்கிறார்கள். ஃபாயலின் ஹோர்ட்டா கிழக்கு, சாவ் ஜோர்ஜின் வேலாஸ் தெற்கு, தெர்சேய்ராவின் அங்ரா தெற்கு, பிராயா த விதோரியா கிழக்கு, சாவ் மிகேலின் பொந்தா தெல்காதா தெற்கு, சாந்தா மரியாவின் விலா தோ போர்த்தோ தெற்கு. காற்று வடக்கிலோ மேற்கிலோ இருக்கும்வரை எல்லாமே சுகம். தென்கிழக்குக்குத் திரும்பினால் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் கெடும். மேற்கிலிருந்து ஒரு மழை முகப்பு நெருங்கும்போது காற்று முதலில் தென்கிழக்கு, தெற்கு என்று எடுத்து, முகப்பு கடந்தபின் மேற்குக்கும் வடமேற்குக்கும் தாவும். அந்த முதல் பன்னிரண்டு மணி நேரத்தை எங்கே கழிப்பது என்பதை இரண்டு நாள் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். எங்கள் கணக்கில் அதற்கு ஏற்ற இடங்கள் நான்குதான்: ஹோர்ட்டா, பிராயா த விதோரியா, பொந்தா தெல்காதா, விலா தோ போர்த்தோ.

காற்றைவிட ஏமாற்றுவது ஸ்வெல் என்று படகுக்காரர்கள் சொல்லும் நீள அலை. கன்னியாகுமரிக் கரையில் கள்ளக்கடல் என்கிறார்களே, அதே சங்கதி. உள்ளூரில் இலைகூட அசையாது. ஆயிரம் மைலுக்கு அப்பால் அடித்த புயலின் அலை வந்து கரையை மோதும். முன்னறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்த்துக் கிளம்பக் கூடாது. இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் பார்க்க வேண்டும். 7 வினாடி இடைவெளியில் வரும் இரண்டரை மீட்டர் அலை துறைமுகச் சுவருக்கு வெளியே நின்றுவிடும். 14 வினாடி இடைவெளியில் வரும் ஒன்றரை மீட்டர் அலை சுவரின் நுனியைச் சுற்றி வளைந்து உள்ளே புகும். எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, கட்டிய படகுகளை முன்னும் பின்னும் இழுத்தடிக்கும். கயிறு அறுபடுவதும், படகில் கயிறு கட்டும் முளையான கிளீட் பிடுங்கப்படுவதும் பெரும்பாலும் இப்படிக் காற்றே இல்லாத இரவுகளில்தான்.

அதற்குக் கட்டும் முறையே வேறு. கயிற்றைக் குட்டையாக இறுக்கிக் கட்டினால் ஒவ்வொரு இழுப்பும் நேராகக் கிளீட்டில் இறங்கும். நீளமாகக் கட்ட வேண்டும். அணியத்திலிருந்து (படகின் முன்முனை) பின்னோக்கியும் அமரத்திலிருந்து (பின்முனை) முன்னோக்கியும் போகும் ஸ்பிரிங் கயிறுகள் இரண்டும் படகின் நீளத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. கயிறு இழுத்தால் நீண்டுகொடுக்கும் நைலானாக இருக்கட்டும். பாய்க்குப் பயன்படும் நீளாத கயிறு இங்கு உதவாது. 11, 12 மீட்டர் படகுக்கு 16 மில்லிமீட்டர் கயிறு போதும். சுவரையோ படகின் விளிம்பையோ கயிறு உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயை அரை மீட்டர் வெட்டிக் கோத்துவிட வேண்டும். வெட்டின குழாய்த் துண்டு நான்கைந்தைக் கிளம்பும் ஊரிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். இங்கு கடையில் தேடும் நேரத்தில் இரவாகிவிடும்.

எப்போது போவது

மே, ஜூன் மாதங்களில் கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பும் படகுகள் கூட்டமாக வந்து சேரும். செயின்ட் மார்டினிலிருந்து ஹோர்ட்டாவுக்குச் சுமார் 2,200 கடல் மைல். பெர்முடாவிலிருந்து சுமார் 1,800. இந்த வாரங்களில் ஹோர்ட்டாவில் தனி இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்று நான்கு படகுகளைப் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். அப்படிக் கட்டும்போது பக்கத்துப் படகின் பாய்மரத்துக்கு நேரே உங்கள் பாய்மரம் நிற்கக் கூடாது. ஒரு மீட்டர் முன்னேயோ பின்னேயோ தள்ளி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அலையில் இரண்டும் எதிரெதிராகச் சாயும்போது மேலே குறுக்குக் கம்பிகள் சிக்கிக்கொள்ளும். இரவு இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்தால் அப்போது பிரிப்பது கஷ்டம். படகுகள் உரசாமல் தடுக்கும் காற்றுப் பைகளான ஃபென்டர் எட்டு வேண்டும், பக்கத்துக்கு நான்கு. உங்களுக்கும் கரைக்கும் நடுவில் வேறு படகு இருந்தாலும் உங்களிடமிருந்து கரைக்குத் தனிக் கயிறு போக வேண்டும். உள்ளே இருப்பவரின் கிளீட்டிலேயே எல்லாரும் தொங்குவது மரியாதையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

ஜூலை, ஆகஸ்டில் கடல் அமைதி. அசோர்ஸ் உயரழுத்தம் என்று சொல்லும் உயர் காற்றழுத்தப் பகுதி தீவுகளுக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டால் காற்று செத்துப்போகும். பாதித் தூரம் என்ஜினில்தான். அது வடக்கே நகர்ந்தால் வடகிழக்குக் காற்று 10, 15 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) என்று இதமாக வீசும். செப்டம்பரில் கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டமும் குறையும். ஆனால் அமெரிக்கப் பக்கம் போகாமல் வடகிழக்கே திரும்பும் சூறாவளிகளின் பாதை இந்தத் தீவுகள் வழியாகத்தான். 2019 அக்டோபர் 2 அன்று லோரென்சோ சூறாவளி மேற்குக் கொத்தை ஒட்டிக் கடந்தபோது புளோரஸின் லாஜெஸ் துறைமுகம் நொறுங்கியது. சுவரே பெயர்ந்துபோனது. அதற்கு முன் அச்சிட்ட வழிகாட்டி நூலில் லாஜெஸ் பற்றிப் படித்ததை நம்பிப் போகாதீர்கள். புளோரஸுக்குக் கிளம்பும் முன் அங்கே கட்ட இடம் உண்டா, நங்கூரம் போட விடுவார்களா என்று ஹோர்ட்டா மரீனா (படகுகள் கட்டும் துறை) அலுவலகத்தில் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

ஹோர்ட்டா

ரேடியோவில் ‘ஓர்ட்டா’ என்றுதான் காதில் விழும். போர்ச்சுகீசியர் முதலெழுத்தை விழுங்கிவிடுவார்கள். 1986இல் திறந்த மரீனா. நுழைந்ததும் முதலில் வரவேற்புத் துறையில் கட்டி, பாஸ்போர்ட், படகுப் பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று, ஆட்கள் பட்டியல் ஆகியவற்றோடு அலுவலகத்துக்குப் போக வேண்டும். தீவுக்குத் தீவு இதே கதைதான். ஒரே நாட்டுக்குள் நகர்ந்தாலும் ஒவ்வொரு துறைமுகத்திலும் படிவம் நிரப்பச் சொல்வார்கள். ஆட்கள் பட்டியலைப் பத்துப் பிரதி எடுத்து உறையில் வைத்திருந்தால் மாதம் முழுக்க நிம்மதி.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். அசோர்ஸ் போர்ச்சுகலின் பகுதி. ஷெங்கன் எல்லைக்குள் வருவது. கடல் வழியாக வந்து இறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் படகின் கேப்டனுக்கும் சேர்த்துத் தலைவலி. கரீபியனிலேயே படகில் ஏறுகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே விசா கையில் இருக்க வேண்டும். கடல் பயணத்தில் தேதி தவறுவது சகஜம். ஆகவே விசாவின் தொடக்க நாளும் முடிவு நாளும் திட்டத்துக்கு இருபுறமும் இரண்டு வாரமாவது தள்ளி இருக்கும்படி விண்ணப்பியுங்கள். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கு ஹோர்ட்டாவில் உங்கள் நுழைவு பதிவாகும் நாளில் தொடங்கும். படகு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பதிவானதாகவும் உரிமையாளர் வெளியே வசிப்பவராகவும் இருந்தால், வரி கட்டாமல் 18 மாதம் வரை ஒன்றியத்துக்குள் நிறுத்தலாம். இது படகுக்கு. ஆளுக்கு அந்த 90 நாள்தான். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

மரீனாச் சுவர் முழுக்க ஓவியங்கள். வந்துபோன படகுகள் தங்கள் பெயரையும் ஆண்டையும் வரைந்துவிட்டுப் போவது வழக்கம். வரையாமல் கிளம்பினால் வழியில் கெட்டது நடக்கும் என்பது நம்பிக்கை. நம்புகிறோமோ இல்லையோ, எல்லாரும் வரைகிறார்கள். ஆனால் பாதிக்கு மேல் அடுத்த ஆண்டே உரிந்துபோகின்றன. உப்புப் படிந்த சிமென்டின் மேல் நேராகப் பெயின்ட் பூசுவதுதான் காரணம். முதலில் கம்பித் தூரிகையால் தேய்த்து, நன்னீரால் கழுவி, ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு வெளிச்சுவருக்கான பிரைமர் ஒரு கை, வெள்ளை அடித்தளம் ஒரு கை. அதன் மேல் அக்ரிலிக்கில் படம். கடைசியில் நிறமில்லாத வார்னிஷ். இடையிடையே காய இரண்டு மூன்று நாள் மழையில்லாமல் கிடைக்க வேண்டும். அசோர்ஸில் அது கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே வந்த மறுநாளே அடித்தளத்தைப் போட்டுவிடுங்கள். அடையாளம் தெரியாமல் மங்கிய பழைய படத்தின் மேல் வரையலாம். பளிச்சென்று இருப்பதன் மேல் கை வைக்கக் கூடாது. காலில் மிதிபடும் தரையைவிட நிமிர்ந்த சுவரில் படம் நீண்ட நாள் நிற்கும்.

நீண்ட கடலைத் தாண்டி வந்தவர்கள் படகைச் சோதிக்கவும் இதுவே இடம். பாய் தைப்பவர்களும் கம்பிக் கயிறு பார்ப்பவர்களும் இங்கு உண்டு. அடுத்த தீவுகளில் தேட வேண்டியிருக்கும். பாய்மர உச்சிக்கு ஆளை ஏற்றி, பாய் ஏற்றும் கயிறு கப்பியில் திரும்பும் இடத்தைப் பாருங்கள். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் உரசியிருக்கும். அந்த முனையில் அரை மீட்டர் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டினால் போதும். கயிறு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. சுக்கானைத் திருப்பும் கம்பிகளின் இறுக்கத்தையும், சுக்கான் தண்டைச் சுற்றி நீர் கசிகிறதா என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும்.

பிறகு டீசல். பெருங்கடலில் குலுங்கி வந்த டாங்கியின் அடியில் கிடந்த கசடு எல்லாம் மேலே கிளம்பியிருக்கும். வழியில் பாயிலேயே வந்ததால் என்ஜின் ஓடியிருக்காது, குறை தெரியாது. தீவுகளுக்கு இடையே காற்றில்லாமல் ஆறு மணி நேரம் ஓட்டும்போதுதான் ஃபில்டர் அடைக்கும். அதுவும் துறைமுக வாயிலில் வேகம் கூட்டும் நேரத்தில். நீர் பிரிக்கும் முதல் ஃபில்டர் நான்கும் என்ஜின் மேல் உள்ள இரண்டாம் ஃபில்டர் இரண்டும் கையிருப்பில் வேண்டும். மாற்றியபின் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் திருகு எங்கே இருக்கிறது என்று பார்த்து, கட்டி நிற்கும்போதே ஒருமுறை செய்து பழகுங்கள். சமையல் வாயுவுக்கு நீல நிறக் கேம்பிங் காஸ் உருளைதான் மாற்றிக்கொள்ள எளிது. வேறு நாட்டு உருளை வைத்திருப்பவர்கள் இணைப்பு வால்வு இல்லாமல் திண்டாடுகிறார்கள்.

பிக்கோவின் நிழல்

ஹோர்ட்டாவுக்கு எதிரே, நான்கரைக் கடல் மைல் தள்ளி, 2,351 மீட்டர் உயரத்தில் பிக்கோ. போர்ச்சுகலிலேயே உயரமான மலை. இந்தப் பகுதிக் காற்றை அதுதான் ஆட்டிவைக்கிறது. இணையத்தில் கிடைக்கும் முன்னறிவிப்பு மாதிரிகளில் ஒரு கட்டம் பல கிலோமீட்டர் அகலம். அந்தக் கட்டத்துக்குள் மலை பாதியாகத் தட்டையாகிவிடும். அதனால் ஃபாயலுக்கும் பிக்கோவுக்கும் நடுவில் வடக்கு அல்லது தெற்குக் காற்று 12 நாட் என்று திரையில் காட்டினால், இடுக்கில் 20, 25 என்று வாங்கிக்கொள்ளத் தயாராக இருங்கள். பிக்கோவுக்கும் சாவ் ஜோர்ஜுக்கும் இடையே உள்ள நீண்ட கால்வாயில் வடமேற்கும் தென்கிழக்கும் அதே வேலையைச் செய்யும். ஓதத்தோடு வரும் நீரோட்டமும் சேர்ந்துகொள்ளும். ஒன்று இரண்டு நாட் வேகம்தான். ஆனால் காற்றுக்கு எதிராக ஓடும்போது அலை குத்திட்டு நிற்கும்.

மலையின் காற்றுமறைவுப் பக்கத்தில் வேறு தொல்லை. பாய் தொங்கிப்போய் நிற்கும். ‘சரி, முழுப் பாயும் விரிப்போம்’ என்று தோன்றும் நேரத்தில் சரிவிலிருந்து இறங்கும் அடிகாற்று ஒரே மூச்சில் படகைச் சாய்த்துவிடும். மலைக்குக் கீழே இருக்கும்வரை பெரிய பாயை ஒரு ரீஃப் (ஒரு மடிப்பு) சுருக்கியே வைத்திருப்பது எங்கள் வழக்கம். மெதுவாகப் போனால் போகட்டும். உச்சியில் தொப்பி போல் மேகம் உட்கார்ந்து விளிம்பு வழவழப்பாகத் தெரிந்தால் மேலே பலத்த காற்று என்று அர்த்தம். மீனவர்கள் திரையைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பார்கள்.

பிக்கோவின் மதலேனாவுக்குப் படகைக் கொண்டுபோக வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. வாயிலுக்கு வெளியே இரண்டு பாறைத் தீவுகள், உள்ளே அலை, நடுவில் பயணிகள் கப்பலின் நடமாட்டம். படகை ஹோர்ட்டாவில் கட்டிவிட்டு அதே பயணிகள் கப்பலில் ஏறினால் அரை மணி நேரம். மலை ஏறுபவர்கள் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள மலை இல்லத்தில் பதிவு செய்ய வேண்டும். இடம் அறியும் கருவி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஏற மூன்று நான்கு மணி நேரம். முழங்காலுக்கு இறங்குவதுதான் சோதனை. கீழே, கருங்கல் சிறு சுவர்களுக்குள் கொடி வளரும் திராட்சைத் தோட்டங்கள் 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. அவற்றைப் பார்க்க ஒரு தனி நாள் ஒதுக்குங்கள்.

சாவ் ஜோர்ஜின் வேலாஸ் ஹோர்ட்டாவிலிருந்து 21 கடல் மைல். செங்குத்துப் பாறைக்கு அடியில் சிறிய மரீனா; இடம் குறைவு என்பதால் மதியத்துக்குள் சேர்வது நல்லது. இரவில் குழந்தைகள் கூட்டமாக அழுது சிரிப்பது போல் பாறையிலிருந்து சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். ககாரோ என்ற கடற்பறவைகள் கூட்டுக்குத் திரும்புகின்றன. இலையுதிர் காலத்தில் அவற்றின் குஞ்சுகள் முதன்முறை பறக்கும்போது விளக்கைப் பார்த்து மயங்கிக் கீழே விழும்; அந்த மாதங்களில் மேல்தள விளக்குகளை அணைத்துவையுங்கள். சாவ் ஜோர்ஜ் 50 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் ஏழெட்டுக் கிலோமீட்டர் அகலமுமாகக் கத்தி போல் கிடக்கும் தீவு. வடகரையில் ஒதுங்க ஒரு துறைமுகமும் கிடையாது. ஃபஜா என்று சொல்லும் கடலோரத் திட்டுகளைக் கடலிலிருந்து பார்த்து ஆசைப்பட்டு நங்கூரம் போடுவதைவிட வாடகைக் கார் எடுத்து மேலிருந்து நடந்து இறங்குவது மேல்.

நங்கூரம் போட்டே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. காற்று வடக்கில் நிலைத்திருக்கும்போது கோர்வோவின் ஒரே ஊருக்கு முன்னால், சாந்தா மரியாவின் மணற்கரையான பிராயா ஃபோர்மோசாவில், தெர்சேய்ராவின் பிராயா த விதோரியா விரிகுடாவில். கடைசியாகச் சொன்னதில் இருபுறமும் நீண்ட சுவர், அடியில் நல்ல மணல்; இந்தத் தீவுக்கூட்டத்தில் நிம்மதியாகத் தூங்கக்கூடிய ஒரே நங்கூரத் துறை என்றே சொல்லலாம். மற்ற இடங்களில் சங்கிலி பாறை இடுக்கில் மாட்டிக்கொள்வது வாடிக்கை. நங்கூரத்தின் தலைப்பக்கம் உள்ள கண்ணில் 10 மில்லிமீட்டர் கயிறு ஒன்றைக் கட்டி, மேல் நுனியில் மிதவை போட்டுவிட வேண்டும். ஆழத்தைவிட மூன்று மீட்டர் கூடுதல் நீளம் போதும். அதற்கு மேல் விட்டால் கயிறு மிதந்து உங்கள் என்ஜின் விசிறியிலேயே சுற்றும். மாட்டிக்கொண்டால் சங்கிலியைத் தளர்த்தி, மிதவைக் கயிற்றை நேர்மேலே நின்று இழுத்தால் நங்கூரம் வந்த வழியே பின்னோக்கிக் கழன்றுவிடும். சங்கிலி ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு விடுங்கள். பாறையில் அது உரசும் சத்தம் இரவெல்லாம் கேட்கும். நங்கூரம் நகர்கிறதா, சங்கிலி மட்டும் உருள்கிறதா என்று காதால் பிரித்தறிய முடியாது. ஜிபிஎஸ் எச்சரிக்கையைப் போட்டுக்கொண்டு படுங்கள்.

அங்ராவில் நங்கூரம் வேண்டாம், மரீனாவுக்குள் போங்கள். விரிகுடாவின் அடியில் பழைய கப்பல் சிதைவுகளும் நூற்றாண்டுகளாகக் கைவிடப்பட்ட நங்கூரங்களும் கிடக்கின்றன. அது இப்போது தொல்லியல் காப்பிடம். அவ்வளவு நங்கூரங்கள் ஏன் அங்கே கிடக்கின்றன என்று யோசித்தாலே அந்த இடத்தின் குணம் புரியும். இந்தியாவிலிருந்து மிளகும் அமெரிக்காவிலிருந்து வெள்ளியும் ஏற்றி வந்த கப்பல்கள் இங்கே தங்கின. தென்கிழக்குக் காற்று எழுந்தால் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டுத் தப்பி ஓடுவதைத் தவிர அவற்றுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தக் காற்றுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘தச்சன் காற்று’. கரையில் ஒதுங்கும் உடைந்த கப்பல்களால் தச்சர்களுக்கு மரம் கிடைத்ததாம். 1980 சனவரி 1 நிலநடுக்கத்தில் இடிந்து, மீண்டும் கட்டி எழுப்பிய நகரம் இது. 1983இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தெருக்களில் நடக்க ஒரு நாளாவது வேண்டும்.

அங்ராவிலிருந்து பொந்தா தெல்காதாவுக்கு 90 கடல் மைல். இரவுப் பயணமாக மாலையில் கிளம்பி மறுநாள் பகலில் சேர்வதே வழக்கம். நேர்க்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே தோன் ஜுவாவ் த காஸ்த்ரோ என்ற கடலடி எரிமலை. 1720இல் கடலுக்கு மேலே தீவாக எழும்பி, பிறகு அலையில் கரைந்துபோனது. இப்போது அதன் உச்சி சுமார் 13 மீட்டர் ஆழத்தில். படகு தட்டாது, ஆனால் பெரிய அலை நாளில் அங்கே கடல் உடையும். விலகிப் போங்கள். உண்மையில் படகைக் கொல்லக்கூடியது கிழக்குக் கொத்தில் இருக்கிறது. சாந்தா மரியாவுக்கு வடகிழக்கே சுமார் 20 கடல் மைல் தள்ளி ஃபோர்மிகாஸ் பாறைகள். அவற்றின் மேல் கலங்கரை விளக்கம் உண்டு. அதற்குத் தென்கிழக்கே மூன்று மைல் தள்ளி தொல்லபராத் என்ற கடலடிப் பாறைத்திட்டு. மூன்று மீட்டர் ஆழம்தான், மேலே ஒன்றும் தெரியாது. ஜிப்ரால்டர் பக்கமிருந்து சாவ் மிகேலுக்கு வருபவர்கள் இந்த இரண்டையும் வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மின்னணு வரைபடத்தைச் சிறிதாக்கி வைத்தால் இவை திரையிலிருந்தே மறைந்துவிடுவதுண்டு.

சாந்தா மரியாவில் விலா தோ போர்த்தோ மரீனா நல்ல மறைவு; பொந்தா தெல்காதாவிலிருந்து 55 கடல் மைல். தீவின் வடகரையில் உள்ள அஞ்சோஸுக்குத் தரைவழியாகப் போய்ப் பாருங்கள். 1493 பிப்ரவரியில், முதல் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் கொலம்பஸ் ஒதுங்கிய இடம். அந்தக் கரையில் அவர் ஒரு நங்கூரத்தை இழந்தார். தேவாலயத்துக்குப் போன அவருடைய ஆட்களை உள்ளூர் அதிகாரிகள் பிடித்துவைத்தார்கள். நங்கூரப் பிரச்சினையும் குடியேற்றப் பிரச்சினையும் இங்கு அவ்வளவு பழையவை.

கடலில் இறங்குவதற்கு முன் தண்ணீரின் மேல் ஊதா நிறப் பலூன் போல் ஏதாவது மிதக்கிறதா என்று பாருங்கள். போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்று பெயர் பெற்ற, சொறிமீன் போன்ற உயிரி அது. அதன் நூல்கள் பல மீட்டர் நீளும். பட்டுவிட்டால் நன்னீர் ஊற்றாதீர்கள், தேய்க்காதீர்கள். கடல் நீரால் கழுவி, ஒட்டிய நூல்களை இடுக்கியால் எடுத்து, சூடான ஒத்தடம் கொடுங்கள். மூச்சு வாங்கினால் உடனே ரேடியோவில் உதவி கேளுங்கள். தீவுகளைச் சுற்றி எண்ணெய்த் திமிங்கிலங்கள் மரக்கட்டை போல் அசையாமல் மிதந்து ஓய்வெடுக்கும். பகலில் மூச்சுத் தூவானம் காட்டிக்கொடுக்கும். இரவில் ஒன்றும் தெரியாது. தெற்குக் கரைகளை ஒட்டி இரவில் என்ஜினில் போனால் ஐந்து நாட் வேகத்துக்கு மேல் வேண்டாம்.

புளோரஸை எப்போது சேர்ப்பது என்பது எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கரீபியனிலிருந்து வருபவர்களுக்கு அது வழியில் முதல் தீவு. கடல் அனுமதித்தால் நின்றுவிட்டுப் போகலாம். ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் ஹோர்ட்டாவிலிருந்து 130 மைல் மேற்கே போய்த் திரும்ப வேண்டும்: ஒரு நாள் போக, ஒரு நாள் வர, நடுவில் இரண்டு நாளாவது தங்க. ஆக நான்கு நாள் தென்கிழக்கும் பெரிய அலையும் இல்லாத வானிலை வேண்டும். அது கிடைக்காத மாதங்கள் உண்டு. கிடைக்கவில்லை என்றால் சிறு விமானத்தில் போய்வாருங்கள். அருவிகள் அங்கேயேதான் இருக்கும்.

திரும்பும்போது சாவ் மிகேலிலிருந்து லிஸ்பனுக்கு ஏறக்குறைய 770 கடல் மைல். ஆறு ஏழு நாள். நேராகக் கோடு போட்டு ஓடினால் கடைசி இருநூறு மைலில் போர்ச்சுகல் கரையின் வடகாற்று உங்களைத் தெற்கே தள்ளும். தொடக்கத்திலேயே வடக்கே அட்சரேகையில் ஒரு பாகை ஏறி வைத்துக்கொண்டால் முடிவில் காற்றை விலாவில் வாங்கி இறங்கலாம். ஐபீரியக் கரையோரத்தில் 2020 முதல் ஓர்க்காக்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைத்துவருகின்றன. அண்மையில் எங்கே முட்டின என்பதை இணைய வரைபடங்களில் பார்த்துவிட்டே கரையை நெருங்குங்கள். ரோக்கா முனைக்கு வெளியே வடக்கு தெற்காகப் போகும் கப்பல் தடங்களைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தைப் பகலில் சேரும்படி வேகத்தை மூன்று நாள் முன்பே கணக்கிட்டுக் குறைத்தோ கூட்டியோ கொள்ளுங்கள்.